கேஸ் ரூம் ஹீட்டரைச் சிலிண்டரோடு இணைப்பது: எந்த ரெகுலேட்டர், எந்த ஹோஸ்?

கம்பளிப்போர்வை:

எல்லோருக்கும் வணக்கம். கேஸில் எரியும் ரூம் ஹீட்டர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பீங்கான் தகடு செக்கச் சிவக்கக் காயும் வகை. பின்பக்கத் தகட்டில் "4.2 கிலோவாட், 30 மில்லிபார், புரொப்பேன் / பியூட்டேன்" என்று பொறித்திருக்கிறது. ஹோஸும் ரெகுலேட்டரும் கூட வரவில்லை.

பெரிய பர்னர் ஒன்றுக்குப் போட்டிருந்த ரெகுலேட்டர் சும்மா கிடக்கிறது. தலையில் திருகு வைத்தது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அதோடு இருந்த இரண்டரை மீட்டர் ஹோஸும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டையும் மாட்டி, திருகைக் குறைவாக வைத்துக்கொண்டால் போதாதா? அப்புறம், டெஃப்லான் டேப் எந்தெந்த இடத்தில் சுற்ற வேண்டும்?

பித்தளைநட்டு:

போதாது. அந்த ரெகுலேட்டரை எடுத்து ஓரமாக வையுங்கள். வேறு எந்தக் கேள்விக்கும் முன்னால் இதுதான்.

20 டிகிரி வெப்பத்தில் புரொப்பேன் சிலிண்டருக்குள் அழுத்தம் 7 பாருக்கு மேல், அதாவது 7000 மில்லிபாரைத் தாண்டி இருக்கும். வெயில் ஏறினால் 12 பாரையும் கடக்கும். உங்கள் ஹீட்டர் கேட்பது 30 மில்லிபார். அது சுமார் 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். ஒரு ஆள் வாயால் ஊதியே அதை எட்டிவிடலாம். அவ்வளவு மெல்லிய அழுத்தத்துக்குத்தான் ஹீட்டரின் வால்வும் ஜெட்டும் (கேஸ் பீய்ச்சி வரும் சின்னத் துளை) செய்யப்பட்டிருக்கின்றன. திருகு வைத்த ரெகுலேட்டர்கள் பார் கணக்கில் விடுபவை. அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பினாலே அழுத்தம் பல மடங்காகிவிடும். யாராவது கைதவறித் தொட்டாலும் போதும். சுடர் தகட்டை விட்டு எகிறும், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் தாங்காது.

நீங்கள் வாங்க வேண்டியது திருகே இல்லாத, 30 மில்லிபாரில் நிலையாக நிற்கும் ரெகுலேட்டர். அதன் மேல் இன்னொரு எண்ணும் இருக்கும், மணிக்கு எத்தனை கிலோ கேஸ் விடும் என்று. 4.2 கிலோவாட் ஹீட்டர் முழுதாக எரிந்தால் மணிக்கு சுமார் 0.3 கிலோதான் குடிக்கும். அதனால் 1 கிலோ என்று போட்டிருந்தாலே தாராளம்.

வாய் எந்த வகை என்று சிலிண்டர் வால்வைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடாப்டர் அடுக்கிப் பொருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு அடாப்டரும் கூடுதலாக ஒரு கசியும் இடம்.

ஹோஸ் விஷயம்: "நன்றாகத்தான் இருக்கிறது" என்பதை நான் நம்புவதில்லை. மேலே எல்பிஜிக்கு, அதாவது சிலிண்டரில் வரும் இந்தப் புரொப்பேன், பியூட்டேனுக்கு உரியது என்ற முத்திரையும் தயாரித்த தேதியும் அச்சிட்டிருக்கிறதா? தேதியே படிக்க முடியவில்லை என்றால் அதன் வயது முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்க முடிந்தால், ஓரிடத்தில் இறுக்கி வளைத்து வளைவின் வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் கழித்துவிடுங்கள். இரண்டரை மீட்டரும் தேவையில்லை, ஒன்றரைக்குள் முடியுங்கள். நீளம் கூடினால் காலில் சிக்கும், ஹீட்டரின் சூடான முதுகில் போய்ச் சாயும்.

வால்வு_மூடி:

டேப் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எல்லா மரையிலும் நாலு சுற்றுச் சுற்றிவிடுவதுதான் நல்லது. கூடுதலாக இருந்தால் என்ன நஷ்டம்?

பித்தளைநட்டு:

நஷ்டம் உண்டு. மரையே கேஸை அடைக்கிற இணைப்பு ஒன்று, மரை வெறுமனே இழுத்துப் பிடிக்கிற இணைப்பு இன்னொன்று. நுனி போகப் போகக் குறுகும் மரை முதல் வகை. அதில்தான் டேப், அதுவும் கேஸுக்கென்று விற்கும் தடித்த மஞ்சள் டேப். முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் துணுக்கு உள்ளே போய்விடும்.

இரண்டாவது வகையில் அடைப்பு வேறு இடத்தில் நடக்கிறது. கூம்பு வாய் பித்தளை இணைப்பில் உலோகமும் உலோகமும் ஒட்டி உட்காரும். வாஷர் வைத்த நட்டில் வாஷர் நசுங்கி அடைக்கும். அங்கெல்லாம் டேப் சுற்றினால் நட்டு கடைசிவரை ஏறாது. இறுகிவிட்டது போலக் கைக்குத் தோன்றும், வாய் சரியாக உட்கார்ந்திருக்காது. பிய்ந்த டேப் இழை ஒன்று ஜெட்டுக்குப் போனால் முடிந்தது. அந்தத் துளை ஊசி முனை அளவுதான்.

சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே டேப் ஒருபோதும் வேண்டாம்.

நெருப்புக்கோழி:

இத்தனை வருஷமாகக் கசிவு பார்க்க நான் தீக்குச்சிதான் கொளுத்திக் காட்டுகிறேன். ஒன்றும் ஆனதில்லை. கசிந்தால் சின்னதாகப் பற்றும், ஊதி அணைத்துவிட்டு நட்டை இறுக்குவேன். ரொம்பப் பயமுறுத்தாதீர்கள்.

நீலச்சுடர்:

பெயருக்கேற்ற பழக்கம்.

நீங்கள் தேடிப் போகிற கசிவு மட்டும்தான் அந்த அறையில் இருக்கிறது என்று யார் சொன்னது? புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தது மேலே போகாது. தரையோடு தரையாகப் பரவி, பள்ளமான மூலையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு சேர்ந்தாலே பற்றும். நின்றுகொண்டிருப்பவர் மூக்குக்கு எட்டாமல் முழங்காலுக்குக் கீழே அந்த அளவு சேர்ந்திருக்கலாம். சிலிண்டரை நிலவறையில் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

மணம் வந்தால் தெரிந்துவிடுமே என்பார்கள். எல்பிஜிக்கு இயல்பில் மணம் கிடையாது, எத்தில் மெர்கேப்டன் கலப்பதால்தான் நாறுகிறது. பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே தெரிய வேண்டும் என்ற கணக்கில் கலக்கிறார்கள். ஆனால் மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். மணம் போய்விட்டது என்பதைக் கசிவு நின்றதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோப்புத் தண்ணீர் போதும். நுரை நன்றாக வரும்படி கலந்து, தூரிகையால் இணைப்பு முழுக்கச் சுற்றித் தடவ வேண்டும். ஹீட்டர் குமிழ் மூடியிருக்க வேண்டும், சிலிண்டர் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டுக்கும் நடுவே அழுத்தம் நிற்கும். ஒரு நிமிடமாவது பாருங்கள். பெரிய கசிவு உடனே பொங்கும். சின்னது, கடுகுபோல ஒரு குமிழியாக ஓரத்தில் மெதுவாக ஊறி வரும். அதைத்தான் எல்லோரும் தவறவிடுவது.

அம்மோனியா கலந்த சுத்திகரிப்பு நீரைத் தடவாதீர்கள், அது பித்தளையை வெடிக்க வைக்கும். பார்த்து முடித்ததும் துடைத்துவிடுங்கள்.

பனிக்காற்று:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது கையில் தூக்கிப் போகிற சின்ன ஹீட்டர். சின்ன சிலிண்டரை அதிலேயே நேரடியாகத் திருகி மாட்ட வேண்டும், தனி ரெகுலேட்டர் கிடையாது. பெரிய சிலிண்டரிலிருந்து ஹோஸ் இழுத்துக் கொடுத்தேன். ஒரு குளிர்காலம் ஓடியது, இப்போது பைலட், அதாவது பர்னரைப் பற்றவைக்கும் சின்னச் சுடர், பற்றுவதே இல்லை. 30 மில்லிபார் ரெகுலேட்டர் போட்டால் சரியாகுமா?

பித்தளைநட்டு:

அந்த ஹீட்டரில் ரெகுலேட்டர் இருக்கிறது, உள்ளே. சிலிண்டரின் முழு அழுத்தத்தை வாங்கி அதுவே குறைத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் இன்னொன்றைப் போட்டால் உள்ளே இருப்பதற்கு வேலை செய்ய அழுத்தமே கிடைக்காது, சுடர் சோம்பும். சில மாதிரிகளில் மட்டும், உள் ரெகுலேட்டரைத் தாண்டிப் பக்கவாட்டில் குறைந்த அழுத்தத்துக்கென்று தனி வாய் வைத்திருப்பார்கள். உங்களுடையதில் அது இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால், அங்கே கையேடு சொல்லும் ரெகுலேட்டரும் ஹோஸும்தான்.

பைலட் பற்றாததற்குக் காரணம் அநேகமாக ஹோஸ். முழு அழுத்தத்தில் நிற்கும் புரொப்பேன் ரப்பரிலிருந்து எண்ணெயைக் கரைத்து எடுக்கும். குளிரில் ஹோஸுக்குள்ளேயே அது திரவமாகவும் மாறி நிற்கும். அந்தப் பிசுக்கு போய்ச் சேரும் இடம் உள் ரெகுலேட்டரும் பைலட் துளையும். இனி அப்படி இணைப்பதானால், அந்த ஹீட்டருக்கென்று ஒப்புதல் பெற்ற ஹோஸ், தயாரித்தவர் சொல்லும் வடிகட்டியோடு. பிசுக்கு ஏறியதை நீங்களாகக் குத்திச் சுத்தம் செய்யாதீர்கள். ஊசி விட்டால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் எரிவதெல்லாம் புகைதான்.

கம்பளிப்போர்வை:

30 மில்லிபார் ரெகுலேட்டரும் ஒன்றரை மீட்டர் ஹோஸும் வாங்கிவிட்டேன், தேதி அச்சிட்டது. ஒரு சிக்கல். ஹோஸின் ஒரு முனை நட்டு ரெகுலேட்டரில் ஏறவே மாட்டேன் என்கிறது. மரை அளவு ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னார். ஸ்பேனர் போட்டு அழுத்திப் பார்க்கலாமா?

நீலச்சுடர்:

ஸ்பேனரைக் கீழே வையுங்கள்! நட்டின் ஆறு மூலைகளையும் பாருங்கள். மூலைக்கு நடுவில் சின்ன வெட்டு, ஒரு கோடு போட்டதுபோல, இருக்கிறதா?

கம்பளிப்போர்வை:

இருக்கிறது. அடிபட்டது என்று நினைத்தேன்.

நீலச்சுடர்:

அது இடது மரைக்கு அடையாளம். எரியும் வாயுக்களின் இணைப்புகளில் பல இடங்களில் மரையைத் திருப்பி வைத்திருப்பார்கள், ஆக்சிஜன், காற்றுக் குழாய்களை யாரும் தப்பி மாட்டிவிடக் கூடாது என்று. இடப்பக்கம் சுற்றினால் இறுகும். கையாலேயே முதல் மூன்று நான்கு சுற்று சுலபமாக ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

கம்பளிப்போர்வை:

ஏறிவிட்டது, நன்றி. சோப்புத் தண்ணீர் தடவினேன். ரெகுலேட்டர் பக்கம் சுத்தம். ஹீட்டர் பக்க நட்டில் மட்டும் நீங்கள் சொன்ன கடுகுக் குமிழி வருகிறது. இன்னும் இறுக்கினேன், அப்படியும் வருகிறது.

பித்தளைநட்டு:

இறுக்குவதை நிறுத்துங்கள். சிலிண்டரை மூடி, நட்டைக் கழற்றி, ஹீட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வாஷரையும் பாருங்கள்.

கம்பளிப்போர்வை:

உள்ளே ஒரு பழைய வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது. கறுத்து, கல்லாகி, உலோகம் என்றே நினைக்கத் தோன்றும். புது ஹோஸோடு வந்த வாஷர் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மரக்குச்சியால் நெம்பி எடுத்துவிட்டு, புதியதை மட்டும் வைத்து மாட்டினேன். இப்போது குமிழி இல்லை.

பித்தளைநட்டு:

மரக்குச்சி நல்ல யோசனை. ஸ்குரூ டிரைவர் விட்டிருந்தால் வாய் கீறியிருக்கும்.

ஒரு இணைப்பை நியாயமாக இறுக்கிய பிறகும் கசிந்தால், வாய் கீறலா, வாஷர் தவறா, மரை கோணலா என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இறுக்க இறுக்கப் பித்தளை நீளும், வாஷர் பிதுங்கும். கசிவு ஒரு நாள் நின்று மறுபடி வரும். நட்டை இறுக்கும்போது ஹீட்டர் பக்கக் குழாயை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்வதும் முக்கியம். இல்லையென்றால் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் முறுக்கிக்கொண்டு, வெளியில் தெரியாத இடத்தில் கசியும்.

கம்பளிப்போர்வை:

அடுத்த சிக்கல். பற்றுகிறது, ஆனால் சுடர் ரொம்ப மெலிவு. மூன்று தகட்டில் ஒன்றுதான் சிவக்கிறது. அழுத்தம் போதவில்லையோ?

நெருப்புக்கோழி:

அந்தத் திருகு ரெகுலேட்டரையே போட்டிருக்கலாம். அப்போதே நினைத்தேன்.

நீலச்சுடர்:

வேண்டவே வேண்டாம். சிலிண்டர் வால்வை ஒரே வேகத்தில் முழுதாகத் திறந்தீர்களா? பல ரெகுலேட்டர்களிலும் வால்வுகளிலும் ஹோஸ் அறுந்தால் கேஸை நிறுத்தும் தடுப்பு ஒன்று இருக்கிறது. திடீரென்று கேஸ் பாய்ந்தால் ஹோஸ் அறுந்ததாக நினைத்து அடைத்துக்கொள்ளும், கொஞ்சமாகத்தான் விடும். ஹீட்டரை அணையுங்கள், சிலிண்டரை மூடுங்கள், சில நிமிடம் விடுங்கள். பிறகு ஹீட்டர் குமிழ் மூடியே இருக்க, சிலிண்டரை மெதுவாக, மிக மெதுவாகத் திறங்கள். அப்புறம் பற்றவையுங்கள்.

கம்பளிப்போர்வை:

அற்புதம். மூன்று தகடும் சிவந்துவிட்டன. ஆனால் முதல் தடவை குமிழை விட்டதும் அணைந்துவிட்டது, இரண்டாவது தடவைதான் நின்றது.

நீலச்சுடர்:

அது இயல்பு. பைலட் சுடரில் நனைந்தபடி ஒரு உலோக முனை இருக்கும், தெர்மோகப்பிள் என்பார்கள். அது சூடேறி உண்டாக்கும் சில பத்து மில்லிவோல்ட் மின்சாரம்தான் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. பைலட் பற்றிய பிறகும் 20, 30 விநாடி குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டும். புது ஹோஸில் இருந்த காற்றும் முதலில் வெளியேற வேண்டும். ஒரு தடவை பற்றவில்லை என்றால் ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள். உடனே உடனே சொடுக்கிக்கொண்டிருந்தால் பற்றாத கேஸ் சேர்ந்து, பற்றும்போது முகத்தில் அடிக்கும். குமிழை விட்டதும் அணைகிறது என்று அதற்குக் குச்சி முட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சுடர் அணைந்தால் கேஸை நிறுத்த இருப்பது அந்த ஒன்றுதான்.

வால்வு_மூடி:

டேப் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: மஞ்சள் சுடர் கெட்டது என்கிறார்கள். இவருடைய தகடு ஆரஞ்சாகத்தானே எரிகிறது?

நீலச்சுடர்:

ஆரஞ்சாக இருப்பது தகடு, சுடர் அல்ல. சூடேறிய பீங்கான் அப்படித்தான் ஒளிரும். பைலட்டைப் பாருங்கள், அது நீலமாக, முனை கூராக இருக்க வேண்டும். தகட்டுக்கு வெளியே மஞ்சள் நாக்கு ஆடினாலோ, சட்டத்தில் கரி படிந்தாலோ அரைகுறையாக எரிகிறது என்று பொருள். அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்கும், தூக்கத்தில் இருப்பவருக்கு அதுகூடத் தெரியாது.

ஒழுங்காக எரிந்தாலும் புகைபோக்கி இல்லாத ஹீட்டர் அறைக் காற்றைத்தான் தின்கிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 3 கிலோ கார்பன் டையாக்சைடும் 1.6 கிலோ தண்ணீரும் வரும். இவர் ஹீட்டர் முழுதாக எரிந்தால் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். ஜன்னல் கண்ணாடியில் வழிகிறதே, அது இதுதான். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் காற்று வழி திறந்தே இருக்க வேண்டும். குளிருகிறது என்று அதில் துணி அடைப்பதற்குப் பதில் ஹீட்டரை அணைத்துவிடலாம்.

ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணையும் பைலட் பல ஹீட்டர்களில் உண்டு, சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கும்போது அணையும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது, மோனாக்சைடை அல்ல. அதற்கு அலாரம் தனி. படுக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். குளியலறையில் இந்த வகை ஹீட்டரே கூடாது.

கம்பளிப்போர்வை:

சிலிண்டர் உடம்பில் பனி பூக்கிறது. இது சரியா?

பித்தளைநட்டு:

உடம்பில் என்றால் பரவாயில்லை. உள்ளே திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. அதிகம் பூத்து சுடர் குறைந்தால், அந்தக் குளிருக்கு அந்தச் சிலிண்டர் போதவில்லை. பியூட்டேன் -0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, புரொப்பேன் -42 வரை ஆவியாகும். கடுங்குளிரில் கலவை எது என்பது அதனால்தான் முக்கியம். வெந்நீர் ஊற்றுவது, ஹீட்டர் முன்னால் திருப்பி வைப்பது எல்லாம் கூடாது.

பனி ரெகுலேட்டரிலோ ஹோஸிலோ பூத்தால் கதை வேறு. திரவமே வெளியே வருகிறது. சிலிண்டர் சாய்ந்திருக்கலாம், அளவுக்கு மேல் நிரப்பியிருக்கலாம். உடனே மூடுங்கள். சாய்ந்திருந்தால் நிமிர்த்தி வைத்துவிடலாம். நிமிர்ந்தே இருந்தும் பூத்தால் அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிலிண்டர் மாற்றும்போது முதலில் சிலிண்டரை மூடி, ஹோஸில் இருப்பதை ஹீட்டரிலேயே எரியவிட்டு, சுடர் தானாக அணைந்த பிறகு கழற்றுங்கள். ஒவ்வொரு தடவை மாட்டிய பிறகும் சோப்புத் தண்ணீர்.

சும்மா_வாசகன்:

இவ்வளவு நாள் படித்துவிட்டுப் போகிறவன், இப்போது கேட்கிறேன். எங்கள் வீட்டில் குழாய் வழியாக இயற்கை எரிவாயு வருகிறது. இதே மாதிரி எல்பிஜி ஹீட்டரைக் குழாயில் மாட்டலாமா? இரண்டும் கேஸ்தானே.

பித்தளைநட்டு:

அப்படியே மாட்ட முடியாது. இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். ஒரே கன அளவில் புரொப்பேன் தரும் சூடு மீத்தேனைப்போல சுமார் இரண்டரை மடங்கு. அதனால் எல்பிஜி ஜெட்டின் துளை சிறியது. அதில் இயற்கை எரிவாயுவை விட்டால் சுடர் நோஞ்சானாக எரியும். தலைகீழாகச் செய்வதுதான் ஆபத்து: இயற்கை எரிவாயு ஹீட்டரில் எல்பிஜி விட்டால் அளவுக்கு மீறி எரிந்து கரியும் மோனாக்சைடும் கக்கும். சில ஹீட்டர்களுக்குத் தயாரித்தவரே மாற்று ஜெட், ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்துத் தருவார். அது இல்லையென்றால் அந்த ஹீட்டர் உங்கள் வீட்டுக்கு ஆகாது.

குழாய் வேலையை உரிமம் பெற்றவரிடம் விடுங்கள், பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சிலிண்டர் ஹோஸில் தவறு செய்தால் ஒரு சிலிண்டரோடு போகும், தெருக்குழாய் தீராது. அவர் வேலை முடித்ததும் இரண்டைப் பாருங்கள். ஹீட்டருக்குப் பக்கத்திலேயே கைக்கு எட்டும்படி அதற்கென்று தனி வால்வு வைத்தாரா? சுவரைத் தாண்டும் இடத்தில் உலோகக் குழாய் போட்டாரா, வளையும் ஹோஸை ஓட்டைக்குள் நுழைத்தாரா? ஹோஸாக இருந்தால் திரும்பக் கூப்பிடுங்கள்.

சும்மா_வாசகன்:

சரி, ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அலாரம் மட்டும் வாங்கலாம் என்றிருக்கிறேன். தரையோரம் மாட்டவா, மேலேயா?

நீலச்சுடர்:

எந்த அலாரம் என்பதைப் பொறுத்தது. எல்பிஜி கசிவு அலாரம் என்றால் தரையோரம். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, அதற்குக் கூரைக்குப் பக்கத்தில். உங்கள் வீட்டுக்கு இரண்டாவதுதான். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு பெட்டி. அது காற்றோடு கலந்து பரவும், அதனால் பெட்டியோடு வரும் தாளில் சொன்ன உயரத்தில், படுக்கிற அறைக்குக் கேட்கும் தூரத்தில். அதன் முதுகில் காலாவதி வருடம் போட்டிருக்கும், வாங்கும்போதே பாருங்கள்.